ஒளி பிரியும் இடம்: குறுக்கீட்டுமானிகளின் வகைப்பாடு

உசிலம்பட்டி உள்ளிட்ட மதுரை வட்டாரக் கல்லூரிகளில் இளநிலை இயற்பியல் மாணவர்கள் செய்யும் காற்று ஆப்புச் சோதனையில், இரு கண்ணாடித் தகடுகளின் ஒரு முனையை ரப்பர் பட்டையால் கட்டி, மறுமுனையில் ஒரு தலைமயிரைச் செருகி, இடையில் ஒடுங்கும் காற்றுப் படலத்தின் மீது சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை விழச்செய்தால், நகரும் நுண்ணோக்கியில் ஒளிர்கோடுகளும் கருங்கோடுகளும் மாறிமாறித் தோன்றுகின்றன. ஒரு கருங்கோட்டிலிருந்து அடுத்ததற்குள் படலத்தின் தடிமன் அரை அலைநீளம், அதாவது சுமார் 295 நானோமீட்டர், கூடுவதால், மயிர் வரை 200 கோடுகள் இருப்பின் அதன் தடிமன் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் எனக் கணக்கிடலாம்.

இவ்வாறு ஒரே ஒளியைப் பிரித்து, வெவ்வேறு பாதைகளில் செலுத்தி, மீண்டும் சேர்த்து, அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் உண்டாக்கும் பட்டைகளால் அளக்கும் கருவியே குறுக்கீட்டுமானி ஆகும். அதை வகைப்படுத்துகையில் முதலில் கேட்கத்தக்கது ஒளி எவ்வாறு பிரிகிறது என்பதே. யங்கின் இரட்டைப் பிளவும், 1920இல் மவுண்ட் வில்சனில் திருவாதிரை விண்மீனின் விட்டத்தை அளந்த மைக்கேல்சனின் விண்மீன் குறுக்கீட்டுமானியும் அலைமுகப்பின் இரு பகுதிகளைத் தனித்தனியே எடுத்துக்கொள்வதால், அவை அலைமுகப்புப் பிரிகையைச் சேர்ந்தவை. காற்று ஆப்போ ஒளியின் ஒரு பங்கை எதிரொளித்து, மறுபங்கை ஊடுருவவிடும் வீச்சுப் பிரிகை வகையினது. முன்னதற்குக் குறுகிய ஒளிமூலம் வேண்டும். பின்னதற்கு அகன்ற விளக்கே போதும் என்பதால்தான் ஆய்வகங்களில் காற்று ஆப்புச் சோதனை எளிதில் நடக்கிறது.

அடுத்தது கற்றைகளின் எண்ணிக்கை. மைக்கேல்சனின் மற்றொரு கருவியான, ஒளியை இரு கைகளில் பிரித்தனுப்பும் வீச்சுப் பிரிகைக் குறுக்கீட்டுமானியில் இரண்டே கற்றைகள் கூடுகின்றன. 1899இல் ஃபாப்ரியும் பெரோவும் அமைத்த கருவியில், எதிரெதிர் நிற்கும் இரு பரப்புகளிடையே ஒளி பலமுறை எதிரொளித்துப் பல கற்றைகளாக வெளிவருவதால், பட்டைகள் மிகக் கூர்மையாகின்றன. பாதையைக் கொண்டும் பிரிப்பதுண்டு: மாக்-செண்டர் கருவியில் இரு கற்றைகளும் தனித்தனி வழியே ஒருமுறை மட்டும் செல்ல, 1913ஆம் ஆண்டின் சாக்னக் கருவியில் அவை ஒரே வளையத்தை எதிர்த்திசைகளில் சுற்றிவந்து கருவியின் சுழற்சியைக் காட்டிக்கொடுக்கின்றன, விமானங்களின் லேசர் சுழல்மானி இதன் வழித்தோன்றலே.

பாடநூல் அட்டவணைகள் இப்பிரிவுகளைத் தனித்தனிப் பெட்டிகளாகக் காட்டினாலும், கருவிகள் அப்பெட்டிகளுக்குள் அடங்குவதில்லை. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த, மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியா என்னும் ஈர்ப்பலை ஆய்வகம் அடிப்படையில் இத்தகைய ஒரு மைக்கேல்சன் கருவி. ஆனால் அதன் 4 கிலோமீட்டர் நீளக் கைகள் ஒவ்வொன்றும் ஒரு ஃபாப்ரி-பெரோ குழிவு. அமெரிக்காவில் இயங்கும் லைகோவில் ஒளி அக்குழிவுக்குள் சுமார் 300 முறை எதிரொளிப்பதால், 4 கிலோமீட்டர்க் கை 1,200 கிலோமீட்டர் நீளமுடையதுபோல் செயல்படுகிறது.