நாயகர்கள் மாறிய கதை – 4: சூப்பர்மேனின் கோபம்

சுரங்க முதலாளி ஒருவர் வீட்டில் விருந்து நடக்கிறது. சில நாட்களுக்கு முன்புதான் அவருடைய சுரங்கத்தில் விபத்து நடந்து, ஒரு தொழிலாளி முடமாகியிருக்கிறார். 'அவனுடைய கவனக்குறைவு' என்று முதலாளி கைவிரித்துவிட்டார். விருந்தின் நடுவே, பட்டும் நகையுமாக வந்தவர்கள் வேடிக்கை பார்க்கச் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். அங்கே தொழிலாளி வேடத்தில் இருக்கும் ஒருவன் சுரங்கத்தைச் சரித்து வழியை அடைத்துவிடுகிறான். முதலாளி அபாய மணியை அடிக்கப் பார்க்கிறார். அது வேலை செய்யவில்லை. வேலை செய்யாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பழுதுபார்க்கச் செலவழிக்காதவரே அவர்தான். கடைசியில் அவரே கருவியைப் பிடித்துத் தோண்டுகிறார், மூச்சு வாங்குகிறது, விழுகிறார். சுரங்கத்தைச் சரிசெய்வதாக அவர் ஒப்புக்கொள்ளும்வரை அந்த ஆள் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அந்த ஆள் சூப்பர்மேன். 1938-இல் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' மூன்றாம் இதழ். அந்தக் கதையில் வேற்றுக்கிரக எதிரியும் இல்லை, பைத்தியக்கார விஞ்ஞானியும் இல்லை.

முதல் இதழிலேயே அவன் சுபாவம் தெரிந்துவிடுகிறது. நிரபராதியான ஒரு பெண்ணை மரண தண்டனையிலிருந்து காப்பாற்ற நள்ளிரவில் ஆளுநர் வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போகிறான். மனைவியை அடிக்கிறவனைத் தூக்கிச் சுவரில் எறிகிறான். எட்டாம் இதழில் இன்னும் ஒரு படி மேலே. சேரிப் பிள்ளைகள் திருடர்களாவதற்கு அவர்கள் வாழும் இடமே காரணம் என்று முடிவு செய்து, ஆட்களை வெளியேற்றிவிட்டு அந்தச் சேரியையே இடித்துத் தள்ளுகிறான். இடித்தால்தானே அரசாங்கம் புது வீடு கட்டித் தரும்! ராணுவம் குண்டு போடுகிறது. குண்டுகளும் அவனுக்கு இடிக்கும் வேலையில்தான் உதவுகின்றன. அப்போது அவனுக்குப் பறக்கக்கூடத் தெரியாது. தாவத்தான் தெரியும்.

எழுதிய ஜெர்ரி சீகலும் வரைந்த ஜோ ஷஸ்டரும் கிளீவ்லாந்து நகரத்து யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். பொருளாதாரப் பெருமந்தத்தில் இளைஞரானவர்கள். 1932-இல் சீகலின் அப்பாவுடைய துணிக்கடையில் திருட வந்தார்கள். அந்தக் களேபரத்தில் அப்பா மாரடைப்பால் இறந்துபோனார். மகனுக்கு 17 வயது. குண்டு துளைக்காத ஒருவனை அவர் கற்பனை செய்ததற்கு இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல யாராலும் முடியாது. ஆனாலும் அந்த ஆரம்பக் கதைகளை வாசிக்கும்போது, அந்தக் கடையை என்னால் மறக்க முடிவதில்லை.

சூப்பர்மேனின் உரிமையை இருவரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு, உரிமையை வாங்கிய நிறுவனம் சொன்னபடி அவன் வளர்ந்தான். வானொலி, கார்ட்டூன், பொம்மை என்று வியாபாரம் பெருகியது. குழந்தைகளின் செல்லம் ஆளுநர் வீட்டுக் கதவை உடைக்கலாமா? கொலை கூடாது என்ற விதி வந்தது. போர்க்காலத்தில் தேசபக்தன் ஆனான். 1954-இல் அமெரிக்காவில் காமிக்ஸுக்கு எதிராகப் பெரும் எதிர்ப்பு கிளம்பியபோது, பதிப்பாளர்களே தங்களுக்கு ஒரு நெறிமுறை வகுத்துக்கொண்டார்கள். காவலர், நீதிபதி, அரசு அதிகாரி யாருக்கும் மரியாதைக் குறைவு ஏற்படும்படி கதை வரக்கூடாது என்பதும் அதில் ஒன்று. 1938-இன் சூப்பர்மேனை அந்த ஒரு விதியே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கும்.

ஐம்பதுகளின் இறுதியில் மார்ட் வைசிங்கர் ஆசிரியராக இருந்த காலத்தில், சூப்பர்மேன் அடையாளமே தெரியாத ஆளாகிவிட்டான். கிரகத்தையே நகர்த்தும் பலம். கவலையோ, தான் யாரென்று உடன் வேலை பார்க்கும் நிருபர் லோயிஸ் லேன் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்பது. துணைக்கு ஒரு பறக்கும் நாய்கூட வந்துவிட்டது. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோபத்தைப் பறிகொடுத்த அந்த மனிதனுக்குள் துக்கம் குடியேறியிருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை.

1960-இல் வந்த 'சூப்பர்மேன்' 141-ஆம் இதழைப் பாருங்கள். காலத்தில் பின்னோக்கிப் போகும் சூப்பர்மேன், தான் பிறந்த கிரிப்டான் கிரகத்தில், அது அழிவதற்கு முந்தைய நாட்களில் சிக்கிக்கொள்கிறான். அங்கே அவனுக்குச் சக்தி எதுவும் கிடையாது. தன் அப்பாவையும் அம்மாவையும் நேரில் சந்திக்கிறான். இந்த இளைஞன் தங்கள் மகன் என்று அவர்களுக்குத் தெரியாது. சிநேகிதனாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு நடிகையைக் காதலிக்கிறான். கிரகம் வெடிக்கப்போவது அவனுக்குத் தெரியும். இருந்தும் அவர்களோடேயே சாகலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறான். அதற்குக்கூட விதி விடவில்லை. படப்பிடிப்புக்காக வைத்திருந்த ராக்கெட் ஒன்று தற்செயலாக அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

இந்தக் கதையை எழுதியவர் ஜெர்ரி சீகல். உரிமைக்காக 1947-இல் வழக்குப் போட்டு, வேலையை இழந்து, பிழைப்புக்கு வழியில்லாமல் 1959-இல் அதே நிறுவனத்துக்குத் திரும்பியிருந்தார். 17 வயதில் அப்பாவை இழந்தவர், 45 வயதில் தன் நாயகனை அவனுடைய அப்பாவிடம் கூட்டிப்போயிருக்கிறார், காப்பாற்ற முடியாத ஓர் அப்பாவிடம்.

அந்த இதழில் எழுதியவர் பெயர் எங்கும் இல்லை.

(தொடரும்)