குளத்து நீரில் ஒளியும் வெப்பமும்

ஊவா மாகாணத்தின் மலைத் தோட்டங்களில் ஓடை நீரைத் தேக்கி மீன் வளர்ப்போர்க்கு நேரக்கூடிய பேரிழப்பு ஒன்றுண்டு. மாலையில் நன்றாக நீந்திய மீன்கள் விடியற்காலையில் இறந்து மிதக்கும். எவரோ நஞ்சிட்டனர் என ஐயுறுதல் இயல்பே. ஆயினும் பல வேளைகளில் காரணம் அக்குளத்தின் ஆழத்திலேயே இருக்கிறது.

ஒளி செல்லும் ஆழம்

சூரிய ஒளி நீருள் இறங்க இறங்கக் குறைகிறது. தெளிந்த நீரிலும் அதன் ஆற்றலிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி முதல் மூன்று அடிக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். செவ்வொளி விரைவில் மறையும். நீல ஒளி நெடுந்தூரம் செல்லும். சேறு கலந்த நீரிலோ ஓரடி ஆழத்திலேயே இருள் சூழ்ந்துவிடலாம். ஒளி எட்டும் வரையில்தான் நுண்ணிய பச்சைப் பாசிகள் ஒட்சிசனை உண்டாக்கும். இரவில் அப்பாசிகளும் மீன்களைப் போலவே ஒட்சிசனைச் செலவிடும்.

வெப்பம் அமைக்கும் அடுக்குகள்

வெயிலால் மேல்நீர் சூடேறி இலேசாகிறது. குளிர்ந்த நீர் கனமாதலால் அடியில் தங்குகிறது. 24 பாகையிலிருந்து 25 பாகைக்குச் சூடேறும்போது நீரின் அடர்த்தி குறையும் அளவு, 4 பாகையிலிருந்து 5 பாகைக்கு ஏறும்போது குறைவதைப் போல ஏறக்குறைய 30 மடங்காகும். ஆகவே, வெப்ப நாடாகிய இலங்கையில் ஓரிரு பாகை வேறுபாடே மேல்நீரும் கீழ்நீரும் கலவாதபடி தடுக்கப் போதுமானது. ஒளியும் காற்றும் எட்டாத கீழ்நீரில், அழுகும் இலைகள் எஞ்சிய ஒட்சிசனையும் தீர்த்துவிடும்.

ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவில் வீசும் உலர்காற்று குளத்து நீரை அலைத்துக் கலக்கும். அக்காற்று ஓய்ந்து, வெயில் நீடித்து, பின்னர் திடீரெனப் பெருமழையோ குளிர்ந்த இரவோ வருமாயின், மேல்நீர் குளிர்ந்து கீழிறங்கும். ஒட்சிசனற்ற அடிநீர் மேலெழும். மீன்கள் மூச்சுத்திணறுவது அப்பொழுதே. குறைந்த ஒட்சிசனையும் ஓரளவு தாங்கவல்ல திலாப்பியாவும் இதில் நெடுநேரம் பிழைப்பதரிது.

மண்ணரிப்பும் ஒளியும்

வெலிமடைப் பகுதி மலைச்சரிவுகளின் மண்ணை உமா ஓயா அள்ளிச் சென்று, 1990ஆம் ஆண்டில் முடிவுற்ற ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் பெருமளவு படியச் செய்துள்ளது. தோட்டத்துச் சிறு குளத்திலும் இதுவே நிகழ்கின்றது. மலையில் இழக்கும் மண் குளத்தில் ஒளியை மறைக்கின்றது. ஆதலால், குளத்துக்கு மேலுள்ள சரிவுகளில் கான்களைச் செப்பனிடுதலும் புல்வரிகள் நடுதலும் மீனுக்கும் நன்மையாகும்.

எளிய சோதனை

1865இல் இத்தாலிய அறிஞர் அஞ்செலோ செக்கி மத்தியதரைக் கடலில் வெண்தட்டுகளை இறக்கி நீரின் தெளிவை ஆராய்ந்தார். அம்முறையைத் தோட்டத்திலும் கையாளலாம். வெள்ளைத் தட்டொன்றிற் கல்லைக் கட்டி, அளவு குறித்த கயிற்றினால் நண்பகலில் நீருள் இறக்குக. தட்டு மறையும் ஆழம் ஓரடி முதல் ஒன்றரை அடி வரையாயின், நீரும் பச்சை நிறமாயின், குளம் நன்னிலையில் உள்ளது. அரை அடிக்குள் மறையுமாயின் எச்சரிக்கை வேண்டும். நீர் கரும்பச்சையாயின் சாணமும் தீனியும் இடுவதை நிறுத்துக. செந்நிறமாயின் மண் வரும் வழியை அடைத்திடுக.

காக்கும் வழிகள்

மீனுக்கென வெட்டும் குட்டை மூன்று முதல் ஐந்து அடி ஆழம் இருத்தல் போதும். உதிர்ந்த இலைகளை அவ்வப்போது அகற்றுதல் வேண்டும். நீரை வெளியேற்றும்போது அடிக்குழாய் வழியே சிறிது சிறிதாக அடிநீரையே விடுதல் நன்று. விடியலில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் திறந்து தவிக்கக் கண்டால், தீனியை நிறுத்தி, ஓடை நீரை உயரத்திலிருந்து குட்டையில் விழச் செய்க. விழும் நீர் காற்றைத் தன்னுடன் கொணரும். தாமதியாது செய்யின், பல மாத உழைப்பும் குடும்பத்தின் உணவும் காக்கப்படும்.