பவளின் அடி ஏன் கூராக இருந்தது?

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கண்ணிவெடியில் சிக்கிய இலங்கை இராணுவ அணி ஒரு ஜீப்பிலும் ஒரு ட்ரக்கிலும் வந்தது. 13 படையினர் இறந்தனர். அவ்வகை வண்டிகளின் தட்டையான அடித்தளம் வெடிப்பின் அழுத்தத்தை நேராக வாங்கிக்கொள்ளும், அதுதான் வினை.

பின்னர் தென்னாபிரிக்காவின் ‘பஃபல்’ கவசவண்டி வந்தது. யாழ்ப்பாணத்தவர் வாயில் அது பவள். அதன் அடிப்பாகம் தோணியின் அடிபோல் கூராகச் சரிந்திருக்கும். வெடிப்பின் விசை சரிவில் மோதி இருபக்கமும் விலகிப்போகும். உயரமும் உதவும்: வெடித்த இடத்திலிருந்து தூரம் கூடக்கூட அழுத்தம் மளமளவென்று குறையும். டயர்களுக்குள் நிரப்பிய தண்ணீர் விசையில் ஒரு பங்கை உறிஞ்சும். படையினர் முதுகோடு முதுகாக, வார்ப்பட்டி கட்டி இருக்கவேண்டும். கட்டாதவர் தூக்கி எறியப்படுவார்.

வேடிக்கை என்னவென்றால், இதன் அடிச்சட்டம் ஜெர்மனியின் யூனிமொக்கினுடையது. 1946இல் கமத்துக்கென்று உருவான வண்டி அது. அதன் சக்கர இடைவெளியை இரண்டு உருளைக்கிழங்கு வரிசைக்கு அளந்தே வைத்தார்கள். அச்சு, சக்கர மையத்துக்கு மேலே இருப்பதால் மணலிலும் சேற்றிலும் வயிறு தட்டாது.

ஆனால் உயரத்துக்கு விலையும் உண்டு. ஈர்ப்பு மையம் மேலே ஏறியதால் வளைவில் வேகமாகத் திருப்பினால் பவள் கவிழும். ஆயினும் இலங்கை இராணுவம் உள்ளூரில் கட்டிய யூனிகோர்ன், யூனிபஃபல் என்ற கவசவண்டிகள் இரண்டுக்கும் இந்த வண்டிதான் மூலம்.