பால்மாப் பெட்டியும் கைக்குழந்தையும்

இடம்பெயர்ந்து வந்து முகாமில் பாயை விரித்ததும் எம்மைத் தேடிவரும் நிவாரணப் பொருள்களுள் பால்மாவும் ஒன்று. கொடுப்பவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அது கைக்குழந்தைக்கு என்ன செய்கிறது என்பதை இந்தோனேசியாவில் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள்.

2006 மே 27ஆந் திகதி யாவாத் தீவின் யோக்யகர்த்தாப் பகுதியில் நிலம் நடுங்கி 5,700 பேருக்கு மேல் இறந்தனர். இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். குழந்தைகளுக்கான பால்மா பெருமளவில் வந்து பகிரப்பட்டது. சில வாரங்களின் பின் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்த்தபோது, இனாமாகப் பால்மா பெற்றவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு வயிற்றோட்டம் இருந்தது. பெறாதவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கே இருந்தது. இரு சாராரும் அதே இடிபாடுகளுக்குள் வாழ்ந்தவர்கள்தாம்.

குற்றம் பெரும்பாலும் மாவில் இல்லை. கரைக்கும் நீரிலும் போத்தலிலும் இருக்கிறது. விறகை எண்ணி எரிக்கும் தாய், ஒவ்வொரு தடவையும் போத்தலையும் சூப்பியையும் எப்படி அவிப்பாள்? சூப்பியின் இடுக்கில் தங்கும் பால் எமது வெக்கையில் சில மணி நேரத்தில் கிருமிகளுக்கு விளைநிலமாகிவிடும். மா தீர்ந்துவிடுமே என்று நாலு கரண்டி போடவேண்டிய இடத்தில் இரண்டு போடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். பிள்ளை வயிறு நிறைந்து தூங்கும்; உடம்போ மெலியும். பிள்ளை போத்தலுக்குப் பழகினால் தாயிடம் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். பெட்டி முடிகிற நாளில் தாயிடமும் பால் இராது.

1980களில் தென் பிரேசிலில் செய்த ஆய்வொன்றில், தாய்ப்பால் அறவே கிடைக்காத குழந்தைகள் வயிற்றோட்டத்தால் இறக்கும் ஆபத்து, தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட 14 மடங்காக இருந்தது. பிறந்து ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

“ஏங்கிப்போனன் சுவாமி, பால் வத்திப்போச்சு.” 2009இல் வவுனியா முகாமொன்றில் ஓர் இளந்தாய் எம்மிடம் சொன்னது இது. அவள் பொய் சொல்லவில்லை. அதிர்ச்சி பால் இறங்குவதைச் சற்று நேரம் தடுக்கும், சுரப்பதை நிறுத்திவிடாது. கிணறு இறைக்க இறைக்கத்தானே ஊறும்? மருத்துவமாது அவளை ஒதுக்கமான மூலையில் இருத்தி, பிள்ளையை அடிக்கடி மார்பில் போடச் செய்தார். இரண்டு மூன்று நாளில் பால் வந்தது. குழந்தைக்குப் பால்மா தேடி அலையும் தகப்பன்மார், அந்த நேரத்தில் தாய்க்கு இன்னொரு பிடி சோறு தேடினால் நல்லது. தாயை இழந்த குழந்தைக்குப் பால்மா தேவைதான். அதையும் போத்தலில் அல்ல, கொதிநீரில் கழுவிய கிண்ணத்தால் பருக்குங்கள்.

சரி, வயிற்றோட்டம் வந்துவிட்டால்? “வயிற்றுக்கு ஓய்வு கொடு, பாலை நிறுத்து” என்பார்கள் எமது அப்பாச்சிமார். வரம்பு உடைந்து வயல் நீர் ஓடும்போது வாய்க்காலையும் அடைப்போமா? பயிர் கருகிவிடும். பிள்ளையைக் கொல்வதும் பெரும்பாலும் நீரிழப்புத்தான்.

இதை உலகுக்குக் காட்டியதும் ஓர் அகதி முகாமே. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய வங்காளதேசத்திலிருந்து, ஓடிவந்தவர்கள் மேற்கு வங்காள எல்லையில் பொங்காவ் என்னுமிடத்தில் தங்கியிருந்தபோது கொலரா பரவியது. ஏற்றுவதற்குச் சேலைன் போதவில்லை. டொக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, அப்பச்சோடா, குளுக்கோசு மூன்றையும் நீரில் கரைத்து, உறவினர் கையாலேயே பருக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இதைக் குடித்தவர்களில் 4 பேருக்கும் குறைவாகவே இறந்தனர். சீனிச்சத்து குடலுக்குள் நுழையும்போது உப்பையும் நீரையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. வயிற்றோட்டத்திலும் அந்த வாசல் அடைபடுவதில்லை.

எமது ஆஸ்பத்திரிகளில் தரும் ஜீவனி இந்த வகைதான். பைக்கற்றில் எழுதியுள்ள அளவு நீரில் முழுவதையும் கரைக்கவேண்டும். அது இல்லாவிட்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனியும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும். உப்புக் கூடினால் ஆபத்து; கண்ணீரைவிட உவர்த்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். ஒவ்வொரு தடவை போனபின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர்வரை கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகத் தொடருங்கள். ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கவேண்டாம். இதற்கிடையில் தாய்ப்பாலை வழமையைவிட அடிக்கடி கொடுக்கவேண்டும். ஆறு மாதம் கடந்த பிள்ளைக்குக் குழைத்த சோறும் கஞ்சியும் நிறுத்தக்கூடாது. நாகச்சத்து மருந்து தந்தால், வயிற்றோட்டம் நின்றாலும் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

கண் குழிவிழுந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியிலும் கரண்டியால் பருக்கிக்கொண்டே போங்கள்.