“ஆடாம நில்லுங்க!” - எக்ஸ்-ரே அறையில் அந்த ஒரு நிமிடம்

“தோடு, மூக்குத்தி, ஹேர்பின் எல்லாத்தையும் கழட்டிடுங்கம்மா. ஆடாம நில்லுங்க!”

தலைக்கு எக்ஸ்-ரே எடுத்தவர்களுக்குப் பழகிய குரல் இது. படம் எடுத்து முடித்த பிறகும், “ஒரு நிமிஷம் உட்காருங்க” என்பார் ரேடியோகிராஃபர். அந்த ஒரு நிமிடத்தில் அவர் முதலில் பார்ப்பது நோயை அல்ல. தலை நேராக இருந்ததா என்பதைத்தான்.

மண்டை ஓடு 22 எலும்புகள் சேர்ந்த கூடு. அத்தனையும் ஒரே தட்டையான படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். தலை சற்றே திரும்பினாலும், பார்க்க வேண்டிய இடத்தை வேறோர் எலும்பு மறைத்துவிடும்.

சமமா இருக்கா?

நேர்ப்படத்தில், கண்குழியின் வெளி ஓரத்திலிருந்து மண்டையின் ஓரம் வரை உள்ள தூரம் இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தலை திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

பக்கவாட்டுப் படத்தில் இரு கண்குழிகளின் கூரைகளும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். மேலும் கீழுமாக இரண்டு கோடுகள் தெரிந்தால், தலை சாய்ந்திருக்கிறது.

மறைக்கும் முகடு

காதின் உட்பகுதியைப் பொதிந்து வைத்திருக்கும் கெட்டியான எலும்பின் முகடு, இன்னொரு முக்கிய அடையாளம். நெற்றி சைனஸைக் காட்டும் கால்ட்வெல் முறையில், அது கண்குழியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் தெரிய வேண்டும். கன்னத்து சைனஸுக்கான வாட்டர்ஸ் முறையில், சைனஸுக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். முகவாயைப் போதுமான அளவு உயர்த்தாவிட்டால், அந்த முகடு சைனஸின் அடிப்பகுதி மீது விழும். அங்கே தேங்கிய நீர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

மறுபடியும் எடுக்கணுமா?

படம் சரியில்லை என்றால் மீண்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உடம்புக்குக் கூடுதல் கதிர்வீச்சு. முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பி நிற்கச் சொல்வதற்கும் இதுவே ஒரு காரணம். கதிர் பின்பக்கமாக நுழைவதால், கண் லென்ஸுக்குப் போகும் அளவு குறைகிறது.

கால்ட்வெல் முறைக்குத் தன் பெயரைத் தந்த அமெரிக்க மருத்துவர் யூஜின் கால்ட்வெல், கதிர்வீச்சு பாதிப்பால்தான் 1918-ல் இறந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது

பல்செட், கண்ணாடி, நகைகளைக் கழற்றிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால் சொல்லிவிடுங்கள். அடிபட்டுக் கழுத்து வலித்தால், தலையைத் திருப்பும் முன்பே சொல்லுங்கள். தலையில் பலத்த அடி என்றால், மருத்துவர்கள் இப்போது பெரும்பாலும் சி.டி. ஸ்கேனையே நாடுகிறார்கள்.

மற்றபடி, அவர் வைத்த இடத்தில் தலையை அப்படியே வைத்திருங்கள். சில விநாடிப் பொறுமை, இன்னொரு படத்தைத் தவிர்க்கும்.