காத்துக்கு எதிரா ஒரு பாய்மரப் படகு எப்படிப் போகுது?

போன எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்வி இது: "கரீபியன் தீவுகளுக்கு நடுவுல பாய்மரப் படகுல ஊர் சுத்துறாங்களே, காத்து எதிர்ல அடிச்சா என்னங்க பண்ணுவாங்க?"

கோயம்புத்தூர்ல கடல் இல்லைதான். ஆனா காத்து நமக்கு நல்லாவே பழக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆடிக் காத்துதான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுத்த வைக்குது. அந்த இறக்கையோட ஒரு பக்கம் காற்றழுத்தம் குறையும், மறுபக்கம் கூடும். அந்த வித்தியாசம்தான் இறக்கையை நகர்த்துது. பாய்க்கும் இதே கணக்குதான்.

ஆனா பாய், படகைப் பக்கவாட்டுலயும் தள்ளும். அதைத் தடுக்கத்தான் படகுக்கு அடியில கனமான கீல் இருக்கு. மிச்சமாகிற விசை படகை முன்னால நகர்த்தும். நேர் எதிரா போகவே முடியாது. சுமார் 45 டிகிரி சாய்ச்சுப் போய், திரும்பி, மறுபக்கம் அதே மாதிரி போகணும். வால்பாறை கொண்டை ஊசி வளைவுல வண்டி ஏறுற மாதிரின்னு வெச்சுக்கோங்க.

கரீபியன்ல இந்தச் சிரமம் கம்மி. அங்க வணிகக் காற்று கிழக்குல இருந்து வீசுது. கிரெனடாவுல இருந்து மார்டினிக் வரைக்கும் தீவுகள் தெற்கு வடக்கா வரிசையா இருக்கு. அதனால காத்து பெரும்பாலும் பக்கவாட்டுல கிடைக்கும். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்ல சீசன். ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் சூறாவளிக் காலம்.

நம்ம ஆளுங்க போனது இதைவிடக் கடினமான பாதை. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, ரெண்டு பேரும் கடற்படை அதிகாரிகள். 2024 அக்டோபர் 2 அன்னைக்கு 'தாரிணி'ங்கிற 17 மீட்டர் படகுல கோவாவுல இருந்து கிளம்பினாங்க. ஃப்ரீமேன்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன்னு நாலே இடத்துல நின்னு, உலகத்தைச் சுத்தி 2025 மே 29 அன்னைக்குத் திரும்பினாங்க.

வழியில பாயிண்ட் நீமோ வரும். அங்க இருந்து பக்கத்துக் கரையே சுமார் 2,688 கிலோமீட்டர். சில நேரம், 400 கிலோமீட்டர் மேல சுத்துற விண்வெளி நிலையத்துல இருக்கிறவங்கதான் பக்கத்து மனுஷங்க. உதவின்னு கூப்பிட்டா யாரும் உடனே வர முடியாது. இவங்களுக்குப் பயிற்சி கொடுத்த அபிலாஷ் டோமிக்கு இது நல்லாத் தெரியும். 2018 செப்டம்பர்ல, தெற்கு இந்தியப் பெருங்கடல்ல பாய்மரம் ஒடிஞ்சு, முதுகுல அடிபட்டு, மூணு நாள் படகுலயே கிடந்த பிறகுதான் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது.

அதனாலதான் மாலுமிகள் காத்து முழுசா ஏறுற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. பாயைக் குறைக்கணுமோன்னு தோணின உடனே குறைச்சிடுவாங்க. காத்து ரெண்டு மடங்கு வேகமானா, பாய் மேல விழுற விசை நாலு மடங்கு ஆகும். அதுக்கப்புறம் இழுத்துச் சுருட்டுறது ரெண்டு பேருக்கு ரொம்பக் கஷ்டமான வேலைங்க.

அடுத்த ஆடியில உடுமலை ரோட்டுல போறப்ப காற்றாலை இறக்கையைக் கொஞ்சம் நின்னு பாருங்க. கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.