இரும்புச் சட்டைக்குள் என்ன இருந்தது?

வடக்கு இங்கிலாந்தில், ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே கார்பிரிட்ஜ் என்ற ஊர் இருக்கிறது. ரோமானியப் படை பாளையம் இறங்கியிருந்த அந்த ஊரில் 1964-இல் அகழாய்வு செய்தவர்களுக்கு ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே கருவிகளும் ஆயுதங்களும் இருந்தன. கூடவே, துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன கவசத் தகடுகள். மார்பைச் சுற்றிப் பட்டை பட்டையாக இரும்பு அணிந்த ரோமானிய வீரனை நாம் எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறோம். ரோம் நகரில் டிராஜன் தூண் நெடுக அவன்தான் நிற்கிறான். ஆனால் சிற்பி செதுக்கியது வெளிப்பக்கம் மட்டுமே. அந்தத் தகடுகளை உள்ளே எது பிடித்து நிறுத்தியது என்பதைத் தூண் சொல்லவில்லை, துரு சொன்னது. தகடுகளின் உட்புறம் தோல் வார்களை வைத்து ரிவெட் அடித்திருந்த தடயங்கள் அதில் பதிந்திருந்தன.

லண்டன் கோபுரத்தில் கவசங்களின் காப்பாளராக இருந்த ரஸ்ஸல் ராபின்சன், அந்தத் தடயங்களைப் பின்பற்றி அதே மாதிரிக் கவசங்களைச் செய்துபார்த்தார். ஏறக்குறைய அதே சமயம், 1972-இல், குளோஸ்டர்ஷயர் கிராமப்புறத்தில் ஊர் விழாவுக்காக ரோமானிய வேடம் கட்டிய சிலர், விழா முடிந்த பிறகும் வேடத்தை விடவில்லை. ‘எர்மின் ஸ்ட்ரீட் கார்டு’ என்று பெயர் வைத்துக்கொண்டு, ராபின்சனின் வழிகாட்டுதலோடு, நாடகத் துணிமணிகளை ஒதுக்கிவிட்டுத் தகட்டை வெட்டி, வளைத்து, ரிவெட் அடித்துத் தாங்களே கவசம் செய்யத் தொடங்கினார்கள். எல்லோரும் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். பழைய கோட்டைகளிலும் அரங்குகளிலும் பொதுமக்கள் முன் அணிவகுத்துக் காட்டி, வரலாறு சொல்லிக்கொடுப்பதே இன்றுவரை அவர்கள் வேலை.

வேடிக்கை என்று இதை ஒதுக்கிவிடலாகாது. கவசத்தை உடம்பில் மாட்டியதும், அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருந்தவரை யாருக்கும் தோன்றாத ஒரு சங்கதி வெளிப்பட்டது. மனிதத் தோள் கழுத்திலிருந்து கீழ்நோக்கிச் சரிகிறது. வெறும் மேல்சட்டையின் மீது எட்டுக் கிலோ அளவிலான இரும்பை ஏற்றினால், தோள் தகடுகள் அந்தச் சரிவோடு சேர்ந்து வழுகுகின்றன. மார்புப் பக்கத் தகடுகள் நேராகச் சந்திக்காமல் கோணிக்கொள்கின்றன. விளிம்பு கழுத்தை அறுக்கிறது. தோளில் மட்டும் கொஞ்சம் தடித்த திண்டு வைத்துத் தைத்த உள்ளாடை ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: தகடுகள் மட்டமாக உட்கார்ந்துவிடும், கொக்கிகள் ஒன்றுக்கொன்று நேராக வரும். இரும்புத் தகட்டின் வடிவத்திலிருந்தே, மண்ணில் என்றோ மட்கிப்போன ஒரு துணி உடுப்பு இருந்திருக்க வேண்டும் என்று கண்டுகொள்ள முடிகிறது! உடம்பே இங்கே ஓர் ஆய்வுக் கருவி. எனக்கு இந்தத் துறையில் ஆகப் பெரிய வியப்பு இதுதான்.

இன்னொன்று, உடைசல். ரோமானியக் கோட்டைகளைத் தோண்டும்போது கவசத்தின் சின்னச் சின்னப் பித்தளைக் கீல்களும் கொக்கிகளும் உடைந்த நிலையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. புதிதாகச் செய்த கவசங்களைப் போட்டு நடந்து, குனிந்து, ஓடினால் அதே உறுப்புகள்தான் முதலில் போகின்றன. பிற்காலத்தில் வந்த நியூஸ்டெட் வகைக் கவசத்தில் சில இடங்களில் கீலையே எடுத்துவிட்டு, தகடுகளை நேராக ரிவெட்டால் இணைத்திருக்கிறார்கள். ஏன் என்று, கீல் உடைந்து வழியில் நின்றுபோன தன்னார்வலருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

செருப்பின் கதையும் இப்படித்தான். அடிப்பாகம் முழுக்க இரும்பு ஆணிகள் அறைந்த ரோமானியக் காலணி புல்லிலும் மண்ணிலும் அருமையாகப் பிடிக்கும். வழவழப்பான கல் தளத்தில் வாரிவிடும். கி.பி. 70-இல் எருசலேம் கோயில் முற்றத்தில் எதிரிகளைத் தனியாளாக விரட்டிச் சென்ற ஜூலியானஸ் என்ற ரோமானிய நூற்றுவர் தலைவன், இந்த ஆணிச் செருப்பு வழுக்கி விழுந்து கொல்லப்பட்டதை அக்கால வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதிவைத்திருக்கிறார். படிக்கும்போது ஒரு வரியில் கடந்துபோகிற செய்தி. அதே செருப்போடு கற்படி இறங்கியவர் சொல்லும்போது, எதிரில் நிற்கும் பிள்ளைகள் தங்கள் காலைக் குனிந்து பார்ப்பார்கள்.

தன்னார்வலர்களின் பலம் இங்கேதான் இருக்கிறது. “கனக்குமா? வேர்க்குமா? தனியாகக் கழற்ற முடியுமா?” என்று குழந்தைகள் கேட்பவை பாடப்புத்தகம் எழுதுகிறவருக்குத் தோன்றாத கேள்விகள். இவர்களுக்கோ விடை தோளிலும் பாதத்திலும் இருக்கிறது. தலைக்கவசத்தைக் கழற்றிக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டால், பேச்சே தேவைப்படாது.

உடம்பு சொல்வதையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. வார இறுதியில் இரும்பு மாட்டி, மாலையில் காரில் வீடு திரும்புகிறவருக்கு, இருபத்தைந்து ஆண்டுகள் சேவை செய்த வீரனின் முதுகு வலி தெரியாது. சாவுப் பயமும் தெரியாது. அவர் தோளுக்குப் பொருந்துவது அன்றைய தோளுக்கும் பொருந்தியிருக்கலாம் என்றுதான் சொல்லலாம். நல்ல குழுக்கள் பார்வையாளரிடம் இதை ஒளிப்பதில்லை: “இது கிடைத்த பொருளின் நகல், இது எங்கள் ஊகம்” என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. அணிவகுப்பில் பளபளப்பு அதிகம். ஹேட்ரியன் சுவர் அருகே விண்டோலாண்டா கோட்டையில் 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மர ஏடுகளில் வேறொரு படை முகாம் தெரிகிறது: காலுறையும் உள்ளாடையும் அனுப்பியதாக ஒரு கடிதம், கி.பி. 100-ஐ ஒட்டி, கிளாடியா செவேரா என்ற பெண் தன் தோழி லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைக்கும் இன்னொரு கடிதம்; அடிமைகளைப் பற்றிய குறிப்புகள். தோல் தைப்பவர், சமைப்பவர், மருத்துவர், வணிகர் என்று படையைச் சுற்றி வாழ்ந்தவர்களின் வேடம் பூணுகிற தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். கேடயம் ஏந்தியவர்களைச் சுற்றித்தான் இன்னும் கூட்டம் சேர்கிறது. ஆனாலும் செவேராவின் உடையில் ஒரு பெண் மர ஏட்டில் மை தொட்டு எழுதிக் காட்டினால், பத்து நிமிடத்தில் அங்கேயும் சிறுமிகள் வரிசையில் நின்றுவிடுவார்கள்.